தவணை தவறினால் எவ்வளவு?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம்தான். சனிக்கிழமை மாலை கையில் வரும். பைக் கடனின் டியூ தேதியோ மாதத்தின் 5ஆம் நாள். அந்த 5ஆம் தேதி புதன்கிழமையில் வந்து விழுகிற மாதத்தில் வங்கிக் கணக்கில் பணம் இருக்காது. தவணை பவுன்ஸ் ஆகும். தவணை 3,000 ரூபாய், ஃபைனான்ஸ் கம்பெனி போடுகிற கட்டணம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை கூலி வந்ததும் தொழிலாளி தவணையைக் கட்டிவிடுகிறார். தாமதம் மூன்று நாள். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்றாலும் 3,000 ரூபாய்க்கு மூன்று நாள் வட்டி ஆறு ரூபாய்கூட வராது. அவர் கட்டியதோ 500. இதையே ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தால் 2,000 சதவீதத்தைத் தாண்டுகிறது. கணக்கில் பணம் இல்லாமல் பற்று திரும்பியதற்கு அவருடைய சொந்த வங்கி எடுத்துக்கொள்ளும் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

எண்கள் நான் போட்டுக்கொண்டவை. ஆனால் கடன் ஒப்பந்தம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் யாரும் இதை மிகை என்று சொல்லமாட்டார். இங்கே எழும் கேள்வி எளிது: தாமதத்துக்காகக் கடன்காரரிடம் எவ்வளவு வரை வாங்கலாம்? சட்டம் எங்கே கோடு போடுகிறது?

இந்தியச் சட்டம் இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் ஏறக்குறைய எப்போதும் ஒரே சொல்லாக இருக்கிறது: நியாயமான தொகை. எவ்வளவு நியாயம் என்று எண்ணைச் சொல்வதில்லை. பெரிய கடனாளிக்கு அந்தச் சொல் போதும். அவரிடம் வக்கீல் இருக்கிறார். 500 ரூபாய்க்கு அடிபடுகிறவருக்கு அது போதாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடாது என்கிறது. எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் எது நியாயமான இழப்பீடோ அதுதான் கிடைக்கும். தவணை தவறிய நாளிலிருந்து வட்டி விகிதத்தை ஏற்றும் நிபந்தனை அபராதமாகவே கருதப்படலாம் என்று 1899ஆம் ஆண்டுத் திருத்தம் விளக்கம் சேர்த்தது. பிரிவின் கீழே உள்ள எடுத்துக்காட்டு ஒன்று இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. ஒருவர் 1,000 ரூபாயை 12 சதவீத வட்டியோடு ஆறு மாத முடிவில் திருப்பித் தருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். தவறினால் அன்றிலிருந்து 75 சதவீத வட்டி என்று நிபந்தனை. இது அபராதம், நீதிமன்றம் நியாயம் என்று கருதும் இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்று சட்டமே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. ஆக, தாமத அபராதம் நம் சட்டத்துக்குப் புதிய நோயல்ல. கிரெடிட் கார்டு பிறப்பதற்கு முன்பே அதற்கான மருந்து நூலில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 1963இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015இல் கைலாஷ் நாத் வழக்கிலும் இந்தப் பிரிவை விரித்துப் பேசியது. இரண்டும் நிலம், வீடு தொடர்பானவை. கடன் வழக்குகள் அல்ல. ஆனால் நெறி ஒன்றே: இழப்பு எதுவும் நேராத இடத்தில் இழப்பீடு என்ற பேச்சுக்கு இடமில்லை, இழப்பை எண்ணிச் சொல்ல முடியாத இடத்தில்தான் ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மதிப்பு.

நூலில் இவ்வளவு நன்றாக இருக்கும் பிரிவு நடைமுறையில் ஏன் கைகொடுப்பதில்லை? காரணம் பணம் போகும் திசை. 74ஆம் பிரிவு எழுதப்பட்ட காலத்தில், கடன் கொடுத்தவர் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வரவேண்டும். அவர்தான் வாதி. நீதிபதி பத்திரத்தைப் பார்த்துவிட்டு, 75 சதவீதமா, முடியாது என்பார். இன்று யாரும் வழக்குப் போடுவதில்லை. கணக்கிலிருந்து நேரடியாகப் பற்று வைக்கும் அனுமதியைக் கடன் கொடுக்கும் நாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அபராதம் அடுத்த தவணையோடு எடுக்கப்படுகிறது, அல்லது கடன் முடியும்போது தடையில்லாச் சான்று தருவதற்கு முன் மொத்தமாக வசூலிக்கப்படுகிறது. நியாயமில்லை என்று சொல்ல வேண்டுமானால் கடன் வாங்கியவர்தான் வாதியாக வேண்டும். சட்டத்தின் ஒரு வரியும் மாறவில்லை. சுமை மட்டும் தோள் மாறிவிட்டது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி திறந்தது. மற்ற தரப்புக்கு நேர்ந்த இழப்போடு சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்தும் ஒப்பந்தம் முறையற்ற ஒப்பந்தம் என்று பிரிவு 2(46) சொல்கிறது. தாமதக் கட்டணத்துக்கென்றே தைத்த சட்டை போன்ற வாசகம் இது. ஆனால் முறையற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது. மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். தென்காசிக்காரர் 500 ரூபாய்க் கட்டணத்தை எதிர்த்து மதுரை அமர்வுக்குப் பஸ் ஏறவேண்டும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று வேறு பெயரில் மாவட்ட ஆணையத்தை அணுகலாம் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கட்டணத்துக்கு மிகப் பொருத்தமான வாசகம் அங்கே பயன்படாது.

வங்கிகள் விஷயத்தில் இன்னொரு பூட்டும் உண்டு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 21ஏ. 1984இல் நடைமுறைக்கு வந்தது. வங்கி விதித்த வட்டி அதிகம் என்ற காரணத்தைக் காட்டி எந்த நீதிமன்றமும் கணக்கைத் திரும்பத் திறக்கக்கூடாது என்கிறது. 1918ஆம் ஆண்டின் மிகைவட்டிக் கடன்கள் சட்டம் நீதிபதிக்குக் கொடுத்த அதிகாரத்தை வங்கிகளைப் பொறுத்தவரை அது பிடுங்கிக்கொண்டது. அந்தச் சமயத்தில் அதில் ஓரளவு தர்க்கம் இருந்தது. வட்டி விகிதங்களை ரிசர்வ் வங்கியே கட்டிப்போட்டிருந்தது, நீதிமன்றம் குறுக்கே வரத் தேவையில்லை. 1994இல் 2 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கும் 2010இல் மற்ற பெரும்பாலான கடன்களுக்கும் ரிசர்வ் வங்கி கட்டை அவிழ்த்துவிட்டது. பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது.

அந்தப் பூட்டுக்குள்ளும் உச்ச நீதிமன்றம் ஒரு சந்து கண்டுபிடித்தது. 2001 அக்டோபரில் சென்ட்ரல் பேங்க் – ரவீந்திரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வழக்கமான வட்டியை ஒப்பந்தப்படி குறித்த காலத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்ப்பதை ஏற்றது. ஆனால் அபராத வட்டியை அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடுவது பொதுநலக் கொள்கைக்கு விரோதம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தாமதத்துக்குத் தண்டனை ஒருமுறை. தண்டனை குட்டி போடக்கூடாது. கொரோனா காலத் தவணை ஒத்திவைப்பு வழக்கில், 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பும் இதே வழியில் நடந்தது. ஒத்திவைத்த ஆறு மாதங்களுக்கு வட்டிக்கு வட்டியோ அபராத வட்டியோ கூடாது, வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள் அல்லது கழித்துக்கொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். வேண்டுமென்றே தவறுகிறவருக்குத்தான் அபராதம். அரசே தள்ளிப்போடு என்று சொன்னபின் அங்கே தவறு ஏது என்பது அதன் காரணம்.

எண் சொல்லத் துணிந்த ஒரே மன்றம் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஆவாஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2008 ஜூலையில் அது தீர்ப்பளித்தது: குறித்த தேதிக்குள் கட்டாத கிரெடிட் கார்டு வாடிக்கையாளரிடம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை. மாதம் 3, 3.5 சதவீதம் என்று வாங்கிக்கொண்டிருந்த வங்கிகள் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடின, தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று நீதிபதிகள் பேலா திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா அமர்வு அதை ரத்து செய்தது. ஒப்பந்த நிபந்தனையை மாற்றி எழுதும் அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது, வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் எல்லைக்குள் வருவது என்பது காரணம். கார்டு வைத்திருப்பவர்கள் படித்தவர்கள், நிபந்தனைகளை அறிந்தவர்கள் என்றும் நீதிமன்றம் கருதியது. படித்தவரும் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதில்லை என்பது ஊரறிந்த உண்மை. எனினும் சட்டப்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. விலை நிர்ணயம் ஒரு தீர்ப்பாயத்தின் வேலையல்ல. அதற்கென்று இருக்கும் ஒழுங்குமுறை அமைப்பின் வேலை. சிக்கல் என்னவென்றால், எண் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று நீதிமன்றம் கை காட்டுகிறதோ, அந்த அமைப்பு எண் சொல்ல விரும்பவில்லை.

ரிசர்வ் வங்கி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2023 ஆகஸ்ட் 18 அன்று அது வெளியிட்ட சுற்றறிக்கை இந்தத் துறையில் அண்மைக் காலத்தின் மிக முக்கியமான ஆவணம். அதற்கு முன் தவணை தவறினால் வட்டி விகிதத்தின் மேலேயே 2 சதவீதம், 3 சதவீதம் என்று கூட்டிவிடுவார்கள். அது கணக்கின் உடலோடு கலந்துவிடும், வட்டிக்கு வட்டி தானாகவே ஓடும். சுற்றறிக்கை அபராத வட்டி என்பதையே ஒழித்தது. இனி அபராதம் தனிக் கட்டணம் மட்டுமே. அதன் மேல் வட்டி ஓடக்கூடாது. ரவீந்திரா தீர்ப்பு சொன்னதை இருபத்திரண்டு ஆண்டு கழித்து விதியாக்கினார்கள் என்றும் சொல்லலாம். கட்டணம் தவற்றின் அளவுக்குத் தக்கதாக, நியாயமானதாக இருக்கவேண்டும். தொழிலுக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்குக் கடன் வாங்கிய தனிநபரிடம், அதே தவறுக்கு நிறுவனங்களிடம் வாங்குவதைவிட அதிகம் வாங்கக்கூடாது. எவ்வளவு, எதற்காக என்பது ஒப்பந்தத்திலும் இணையதளத்திலும் இருக்கவேண்டும். நினைவூட்டல் அனுப்பும்போதும் சொல்லவேண்டும். விதித்த ஒவ்வொரு முறையும் காரணத்தோடு தெரிவிக்கவேண்டும். புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பழைய கடன்களை அதே ஆண்டு ஜூன் 30க்குள் புதிய முறைக்கு மாற்றச் சொன்னார்கள்.

சுற்றறிக்கையின் சிறப்பு அதன் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அபராதத்தின் நோக்கம் கடன் ஒழுங்கை ஊட்டுவது. ஒப்பந்த வட்டிக்கு மேல் வருமானத்தைப் பெருக்கும் கருவியாக அதைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. கொள்கை தெளிவு. ஆனால் அந்தக் கொள்கையை அளந்து பார்க்க எந்த அளவுகோலும் தரவில்லை. தாமதத்தால் ஆகும் செலவு எவ்வளவு, வசூலித்த அபராதம் எவ்வளவு என்று நிறுவனம் வெளியிட வேண்டும் என்று அதில் இல்லை. உச்சவரம்பு இல்லை, நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒரு கொள்கையை நிறைவேற்றிக்கொண்டால் போதும். கட்டணத்தால் லாபம் பெறுகிறவரே கட்டணம் நியாயமா என்று முடிவு செய்கிறார். பவுன்ஸ் கட்டணம் என்பதோ நடைமுறையில் தனி வரியாகவே நிற்கிறது: தாமதக் கட்டணம் ஒன்று, பவுன்ஸ் கட்டணம் இன்னொன்று, வசூலுக்கு ஆள் வந்தால் வேறொன்று. தவறு ஒன்று, பெயர் மூன்று.

2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைத் தவணைக் கடனுக்கும் கட்டாயமான முக்கியத் தகவல் அறிக்கை இதில் ஓரளவு உதவும். தாமதக் கட்டணம் எவ்வளவு என்று அதில் எழுதவேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை அவர் சம்மதம் இல்லாமல் இடையில் வசூலிக்கக்கூடாது. ஆனால் கடனின் மொத்தச் செலவை ஆண்டுச் சதவீதமாகச் சொல்லும் எண்ணில் அபராதம் சேராது. தவறினால்தானே அது வரும், எப்படிச் சேர்ப்பது என்பது விளக்கம். விளைவு, இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாடிக்கையாளர் வட்டியைத்தான் பார்க்கிறார். வட்டியில் போட்டி உண்டு. அபராதத்தில் போட்டி இல்லை. தான் தவறப்போவதாக நினைத்துக்கொண்டு யாரும் கடன் வாங்குவதில்லை.

கிரெடிட் கார்டு 2023 சுற்றறிக்கைக்கு வெளியே நிற்கிறது. அதற்கு 2022இல் தனி வழிகாட்டுதல் வந்தது. டியூ தேதி முடிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம். கட்டணத்தை மொத்த பில் தொகையின் மேல் கணக்கிடக்கூடாது. டியூ தேதிக்குப் பின் கட்டாமல் நிற்கும் தொகையின் மேல் மட்டுமே. கட்டாத கட்டணங்களை அசலோடு சேர்த்து வட்டி போடக்கூடாது. இவை நல்ல விதிகள், குறிப்பாக முதலாவது. இருந்தாலும் கட்டணம் எவ்வளவு என்பது வங்கியின் பட்டியல்தான். பாக்கியின் அளவுக்கேற்பப் படிப்படியாக ஏறி 1,300 ரூபாய் வரை போகும் பட்டியல்களைப் பார்க்கலாம். பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்துக்குக் குறையாத வட்டி தனி. மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. மற்றக் கடன்களின் அபராதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

நுண்கடன் கதை இவற்றைவிட முக்கியம். ஆனால் யாரும் அதிகம் பேசாதது. 2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் நெருக்கடி வெடித்தது. அதை ஆராய்ந்த மாலேகாம் குழுவின் பரிந்துரைகளுக்குப் பின் 2011 டிசம்பரில் ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களுக்கு விதிகள் வகுத்தது. வட்டிக்கு உச்சவரம்பு வந்தது. அதோடு ஒற்றை வரியில் இன்னொன்றும் சொல்லப்பட்டது: தாமதமாகக் கட்டினால் அபராதம் எதுவும் கூடாது. அளவு, நியாயம், விகிதம் என்ற பேச்சே இல்லை, பூஜ்யம். குழு லோன் வாங்கிய பெண்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒற்றை வரியின் பாதுகாப்பில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் நுண்கடன் துறை சுருங்கவில்லை, பன்மடங்கு பெருகியது. 2022 மார்ச்சில் வந்த புதிய வழிகாட்டுதல் வட்டி உச்சவரம்பை எடுத்தது, அபராதத்தையும் அனுமதித்தது. முழுக் கடனின் மேல் அல்லாமல் தவறிய தவணையின் மேல் மட்டும் போடவேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. எவ்வளவு என்பதற்கு இல்லை. வங்கி, நுண்கடன் நிறுவனம் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். ஒரே விதி ஆக்குவதற்குப் பாதுகாப்பை மற்றவர்களுக்கும் நீட்டியிருக்கலாம். இருந்தவர்களிடமிருந்து பறித்துச் சமன் செய்தது என் பார்வையில் பின்வாங்கல்தான்.

வெளிநாடுகள் என்ன செய்தன? இங்கிலாந்தில் 1915ஆம் ஆண்டின் டன்லப் வழக்கிலிருந்து நூறு ஆண்டுக்காலம் ஒரு சோதனை இருந்தது: முன்கூட்டி எழுதிய தொகை இழப்பின் உண்மையான மதிப்பீடா, அல்லது பயமுறுத்துவதற்கா? பயமுறுத்தலானால் செல்லாது. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைத் தளர்த்தியது. கார் நிறுத்துமிடத்தில் நேரம் தாண்டியதற்கு விதித்த 85 பவுண்டு கட்டணத்தை, அங்கே இழப்பு எதுவும் இல்லாவிட்டாலும், நியாயமான நலன் ஒன்றைக் காக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் கிரெடிட் கார்டைப் பொறுத்தவரை அங்கே வேலை செய்தது நீதிமன்றமல்ல. 2006இல் நியாய வணிக அலுவலகம், 12 பவுண்டுக்கு மேற்பட்ட தவறுதல் கட்டணத்தை முறையற்றதாகக் கருதுவோம் என்று அறிவித்தது. சட்டமல்ல, அறிவிப்புதான். அதுவரை 20 பவுண்டும் அதற்கு மேலும் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனங்கள் 12க்கு இறங்கின. ஓர் எண்ணின் வலிமை அது.

ஆஸ்திரேலியாவில் அப்படி ஓர் எண் இல்லை. நியாயத்தை வழக்காடித்தான் தேட வேண்டியிருந்தது. ஏ.என்.இசட். வங்கியின் 35 டாலர், பின்னர் 20 டாலர் தாமதக் கட்டணத்தை எதிர்த்து வாடிக்கையாளர்கள் திரண்டு தொடுத்த வழக்கில், முதல் நீதிமன்றம் அது அபராதம் என்றது. கடிதம், தொலைபேசி போன்ற நேரடிச் செலவைப் பார்த்தால் ஒவ்வொரு தாமதத்துக்கும் சில டாலர்களே ஆகிறது. வங்கி தரப்பு வேறு கணக்குப் போட்டது: தாமதமான கணக்குக்கு ஒதுக்கீடு வைக்கவேண்டும், கூடுதல் மூலதனம் வைக்கவேண்டும், அவையும் செலவுதான். 2016இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் வங்கி பக்கம் சாய்ந்தது. நியாயம் என்ற சொல்லின் வயிற்றுக்குள் எது செலவு என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதை இந்த வழக்குபோல் வேறெதுவும் காட்டவில்லை. நம் 2023 சுற்றறிக்கை அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. இங்கே ஒரு நாள் இந்த வழக்கு வரும்போது, ஒதுக்கீட்டுக் கணக்கோடு வங்கி வக்கீல்கள் தயாராக இருப்பார்கள்.

அமெரிக்கா இரண்டையும் கலந்து பார்த்தது. 2009ஆம் ஆண்டின் கார்டு சட்டம் அபராதக் கட்டணம் நியாயமாகவும் தவற்றின் அளவுக்குப் பொருந்தியும் இருக்கவேண்டும் என்றது. நம் ரிசர்வ் வங்கியின் வாசகத்துக்கு ஏறக்குறைய அண்ணன். ஆனால் அதோடு நிற்காமல் மத்திய வங்கி ஒரு பாதுகாப்பு எல்லையும் வகுத்தது: முதல் தாமதத்துக்கு 25 டாலர், ஆறு பில் சுற்றுக்குள் மீண்டும் தவறினால் 35, இதற்குள் வாங்கினால் செலவுக்கணக்குக் காட்டத் தேவையில்லை. கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகையைவிடத் தாமதக் கட்டணம் அதிகமாக இருக்கவும் கூடாது. விலைவாசியோடு ஏறி ஏறி அந்த எல்லை 30, 41 டாலர் ஆனது. உச்சவரம்பாகச் சொன்னது நடைமுறை விலையாகிவிடும் அபாயம் இங்கே தெரிகிறது. 2024 மார்ச்சில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் பெரிய கார்டு நிறுவனங்களுக்கு அதை 8 டாலராகக் குறைத்தது. வங்கிகளும் வணிகச் சங்கமும் டெக்சாஸ் நீதிமன்றத்தில் தடை வாங்கின. ஆட்சி மாறியதும் பணியகமே எதிர்த்தரப்போடு சேர்ந்து கேட்டுக்கொள்ள, 2025 ஏப்ரலில் அந்த விதி ரத்தானது. 8 டாலர் ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை.

இனி நம் ஊருக்கு வரலாம். தமிழ்நாட்டுக்கு எண் சொல்லும் மரபு ஒன்று உண்டு. இந்து சட்டத்தின் பழைய நெறிகளில் ஒன்று தாம்துபட்: ஒரே நேரத்தில் வசூலிக்கும் வட்டி அசலை மிஞ்சக்கூடாது. பம்பாய் மாகாணத்தில் நீதிமன்றங்கள் அதைக் கடைப்பிடித்தன. சென்னை மாகாணத்தில் அது பொருந்தாது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே முடிவாகிவிட்டது. அந்தக் குறையை ராஜாஜி ஆட்சியில் வந்த 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வேறு வழியில் நிரப்பியது. பழைய கடன்களில், அசலாகவோ வட்டியாகவோ அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். அபராதமா, வட்டியா, வேறு கட்டணமா என்று பெயரைப் பார்க்க வேண்டியதில்லை. கட்டிய பணத்தை எண்ணினால் போதும். இதைக் கிராமத்துக் கணக்குப்பிள்ளைகூட ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அடுத்து 2003ஆம் ஆண்டின் அதிக வட்டி வசூல் தடைச் சட்டம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் வழங்கும் பெயர்களையே எடுத்துச் சட்டத்தில் வைத்து, மூன்று ஆண்டு வரை சிறை என்றது. இதற்கான வட்டி வரம்பு வட்டிக்கடைச் சட்டத்தின் கீழ் அரசு அறிவித்த ஆண்டுக்கு 12 சதவீதம். ஆனால் இந்த 12 சதவீதம் தெருமுனைத் தண்டல்காரரைக் கட்டுப்படுத்துமே தவிர ஃபைனான்ஸ் கம்பெனியைத் தொடாது. ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இருக்கும் வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டிக்கடைச் சட்டங்கள் பொருந்தாது என்று 2022 மே மாதம் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. கேரளமும் குஜராத்தும் தோற்ற அந்த வழக்கின் தர்க்கம் நமக்கும் சேர்த்துத்தான். 2025இல் தமிழ்நாடு கொண்டுவந்த புதிய சட்டம் கடன் வசூலில் மிரட்டல், வன்முறையைத் தடுப்பது. கட்டணத்தின் அளவு அதன் கவலை அல்ல. ஆக, ஒரே தெருவில் இரண்டு சட்டம் நடக்கிறது. தண்டல்காரருக்கு எண் உண்டு, ஆனால் அவர் அதை மதிப்பதில்லை. கம்பெனி விதியை மதிக்கிறது, ஆனால் விதியில் எண் இல்லை.

பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம், சம்பள நாள் வரைக்கும் தரப்படும் சிறுகடன்களுக்கு 2015 ஜனவரி 2 முதல் விதித்த வரம்பை நான் இவ்வளவு நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். வட்டியும் கட்டணமும் நாளொன்றுக்கு 0.8 சதவீதத்தை மிஞ்சக்கூடாது. தவறினால் எல்லாம் சேர்த்து 15 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. வட்டி, கட்டணம், அபராதம் என எந்தப் பெயரில் வந்தாலும் மொத்தச் செலவு கடன் வாங்கிய தொகையைத் தாண்டக்கூடாது. மூன்றாவது விதியைப் பாருங்கள். லண்டன் ஆணையம் தாம்துபட் நெறியைக் கேள்விப்பட்டிருக்குமா தெரியாது, ஆனால் வந்து சேர்ந்த இடம் அதேதான். நாளுக்கு 0.8 சதவீதம் என்பது நமக்கு முன்மாதிரியாகாத அளவுக்குத் தாராளம். மற்ற இரண்டும் அப்படியல்ல.

உச்சவரம்புக்கு எதிரான வாதம் இரண்டு. ஒன்று, அபராதத்தைக் குறைத்தால் அந்த வருமான இழப்பை வட்டியில் ஏற்றுவார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில் விழும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வட்டி கண்ணுக்குத் தெரிகிற விலை. அங்கே போட்டி அதை இழுத்துப் பிடிக்கும். ஒழுங்காகக் கட்டும் கார்டுக்காரருக்கு இன்று கிடைக்கும் வெகுமதிப் புள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கவேண்டும். இரண்டாவது வாதம், அபராதம் இல்லாவிட்டால் ஒழுங்கு போய்விடும் என்பது. மறந்துபோகிறவருக்கு இது சரி. கையில் இல்லாதவருக்கு 500 ரூபாய் அபராதம் ஒழுங்கை ஊட்டாது. அடுத்த மாதமும் தவற வைக்கும். சிபில் மதிப்பெண் இறங்கினால் அடுத்த கடன் கிடைக்காது என்ற பயமே இன்று பெரிய பிரம்பு. அதற்கு மேலும் ஒன்று தேவையா என்பதற்கு நுண்கடன் துறை அபராதமே இல்லாமல் நடந்த பத்தாண்டுகள் பதில் சொல்கின்றன.

ஒரு தவறுக்கு, பவுன்ஸ் என்றாலும் தாமதம் என்றாலும், ஒரே கட்டணம் இருக்கவேண்டும். அது தவறிய தவணையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை மிஞ்சக்கூடாது. கார்டுக்கு உள்ள மூன்று நாள் அவகாசம், வாரக்கூலிக்காரரின் பைக் கடனுக்கும் வேண்டும். ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களில் வட்டி, கட்டணம், அபராதம் அனைத்தும் சேர்ந்து அசலைத் தாண்டினால் அந்தக் கணக்கு அங்கேயே நிற்கவேண்டும். சதவீதம் இரண்டா, ஐந்தா என்பதில் வாதிக்கலாம். எண்ணே வேண்டாம் என்பதை இனியும் ஏற்கக் காரணமில்லை. இதற்கு நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றத் தேவையில்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21, 35ஏ பிரிவுகளும் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45ஜேஏ, 45எல் பிரிவுகளும் அந்த அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கின்றன. 2023 சுற்றறிக்கையே அந்தப் பிரிவுகளின் கீழ் வந்ததுதான்.